பெல்ட்டுக்காரர் கொண்டுவந்த டிவி கேம்

பழைய டிவி கேம்களைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு என்று சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை. நாற்பதைத் தாண்டிய பெண், கிள்ளானில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மற்ற வீடுகளில் பீங்கான் தட்டும் பிள்ளைகள் வாங்கிய கோப்பையும் இருக்கும் கண்ணாடி அலமாரியில் எங்கள் வீட்டில் என் பெட்டிகள் இருக்கின்றன. வெள்ளையாக வந்து காலப்போக்கில் மஞ்சளாகிப்போன பெட்டிகள். சில ஓடும். சிலவற்றைத் தலையில் இரண்டு தட்டு தட்டினால் ஓடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சாமான் சந்தையிலிருந்து நான் எதையாவது கையில் பிடித்துக்கொண்டு வந்தால், என் கணவர் நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமலே, "இன்னும் ஒன்னா?" என்று கேட்பார். அவ்வளவுதான். நல்ல மனிதர்.

என்னைப் போலச் சேர்க்கிறவர்கள் சிலர் மாதம் ஒரு முறை கூடுவோம். புதிதாக ஒருவர் வந்தால், உங்கள் முதல் பெட்டி எது, யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று கேட்பது வழக்கம். பரீட்சையில் தேறியதற்கு அப்பா வாங்கியது, சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்தது என்று ஒவ்வொருவரும் சிரித்த முகத்தோடு சொல்வார்கள். என் முறை வரும்போது, "யாரோ ஒருத்தர் கொடுத்தாரு" என்பேன். அது பொய்யில்லை.

போன மாதம் புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு வீட்டில் பழைய சாமான்களைக் கழிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அட்டைப்பெட்டிக்குள் என் முதல் பெட்டியைப் போலவே ஒன்று கிடந்தது. அதே வடிவம், அதே சிவப்புப் பொத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்து மாட்டினேன். ஓடியது. அந்த மெல்லிய பீப்பி ஊதுவது போன்ற பாட்டு வந்ததும் என் மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, ஸ்டார்ட் அமுக்குலா" என்றான். எனக்கு அமுக்கத் தோன்றவில்லை. அவனிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

எங்கள் தோட்டம் புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது. இப்போது அந்தச் சாலைக்குத் தார் போட்டு, இரண்டு பக்கமும் மாடி வீடுகள் வந்துவிட்டன. அப்போது செம்பனை மரங்களுக்கு நடுவே லயங்கள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மட்டும்தான். அப்பா செம்பனைக் குலை அறுப்பவர். அம்மா மருந்தடிப்பு வேலைக்குப் போவார். முதுகில் மருந்து நிரப்பிய தோம்பைக் கட்டிக்கொண்டு மரத்தடிப் புல்லுக்கு அடிக்கும் வேலை. அம்மாவின் விரல் நகங்கள் கறுத்து, உள்ளங்கைத் தோல் எப்போதும் உரிந்துகொண்டே இருக்கும். ரசமோ ஊறுகாயோ பட்டால் எரியும் என்பதால் சோற்றைக் கரண்டியால் சாப்பிடுவார். லயத்தில் வேறு யாரும் கரண்டியால் சாப்பிட்டதில்லை. துரை வீட்டு அம்மாளைப் போல எங்கள் அம்மாவும் நாகரிகமானவர் என்று நான் பள்ளியில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எதிர் வீட்டில் தினா இருந்தான். என் வகுப்பு. அவன் அப்பாவைப் பெரியப்பா என்று நான் கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றும் கிடையாது. என் அப்பா அவரை அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்கு அவர் பெரியப்பா ஆனார். டிராக்டர் ஓட்டுவார். சாதாரணமாகப் பேசினாலே டிராக்டர் சத்தத்துக்கு மேலே பேசுவது போல இருக்கும். மாலையில் குளித்துவிட்டு அவரும் அப்பாவும் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்துக் கச்சான் கடலை தின்பார்கள். பெரியப்பாவுக்குச் சொந்தத் தம்பி ஒருவர் கலும்பாங்கில் இருந்தார், எப்போதாவது வருவார். ஆனால் பெரியப்பா வேற்றாளிடம் என் அப்பாவைக் காட்டித்தான் "நம்ம தம்பி" என்பார்.

எனக்குப் பத்து வயதானபோது தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் வீடு கட்டி விற்கிறவர்கள். லயங்களைக் காலி செய்ய வேண்டும் என்று ஆபிஸ் சுவரில் தாள் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு கோயில் கொட்டகையில் அடிக்கடி கூட்டம் நடந்தது. பெரியப்பா முன்னால் நின்று பேசுவார், அப்பா பக்கத்தில் நிற்பார். அவர்கள் கேட்டது, எல்லாருக்கும் ஒரே இடத்தில் வீடு, இந்தத் தோட்டத்து நிலத்திலேயே ஒரு மூலையில். அதுவரைக்கும் யாரும் தனியாகப் போய், காலி செய்யச் சம்மதம் என்று கையெழுத்துப் போடக்கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை சூடம் கொளுத்தி, ஆண்கள் எல்லாரும் வரிசையாக வந்து அதை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். முதலில் அணைத்தவர் பெரியப்பா. அடுத்து அப்பா. சத்தியம் முடிந்ததும் மைலோவும் பன்னும் கொடுத்தார்கள். எனக்கும் தினாவுக்கும் கூட்டம் என்றால் பன்.

வாங்கியவர்கள் சார்பில் ஒருவர் காரில் வருவார். தமிழர்தான். சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டுப் பளபளப்பான பெல்ட் கட்டியிருப்பார். பிள்ளைகள் அவரைப் பெல்ட்டுக்காரர் என்போம். யாரிடமும் சத்தம் போட்டுப் பேசமாட்டார். பேச்சுக்குப் பேச்சு அண்ணே, அக்கா. வந்தவுடன் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்று விசாரிப்பார். அடுத்த முறை வரும்போது அதையெல்லாம் ஞாபகம் வைத்திருந்து கேட்பார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

தீபாவளிக்கு முன் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பெரிய அட்டைப்பெட்டி. பெட்டிமேல் ஒரு பையனும் பெண்ணும் டிவி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்த படம். அப்படி ஒரு பெட்டியைக் கோலசிலாங்கூர் டவுனில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் மூக்கு படிய நின்று பார்த்திருக்கிறேன்.

அப்பா எழுந்து நின்று, "இதெல்லாம் வேணாம் சார்" என்றார்.

"ஒங்களுக்கா குடுக்கிறேன்? பாப்பாவுக்குண்ணே. தீவாளி வருதில்ல."

"வேணாம் சார். எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் சிரித்தார். பெட்டியை நாற்காலியில் வைத்தார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "அக்கா, நாங்க குடுக்கிறதா சொன்ன வீடுங்க கட்டி முடிஞ்சிரிச்சி. உள்ளுக்கே பைப்பு, ரெண்டு ரூம்பு, கிளினிக்கு நடந்து போற தூரம். ஒரு தடவ வந்து பாருங்க, பாக்கிறதுக்கு என்னா" என்றார். அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

கார் போனதும் அப்பா பெட்டியைத் தூக்கி அலமாரியின் உச்சியில் வைத்தார். "திங்கக்கெழம ஆபிஸ்ல கொண்டு போயி வெச்சிட்டு வந்துர்றேன். யாரும் தொடாதீங்க" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பார்த்திருக்க வேண்டிய ஆள் நான் இல்லை.

பாயில் படுத்துப் பார்த்தால் பெட்டியின் ஓர் ஓரமும் அந்தப் பையனின் ஒரு கண்ணும் தெரியும். நான் அழவில்லை, கேட்கவும் இல்லை. அப்பா வைத்தால் வைத்ததுதான் என்று எனக்குத் தெரியும். தினாவிடம் மட்டும் சொன்னேன். அவன் நம்பாமல் வீட்டுக்கே வந்து, கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "நெசந்தான்" என்று மெதுவாகச் சொன்னான். கோயிலில் சாமி பார்க்கும்போதுகூட அவன் அவ்வளவு பயபக்தியாக நின்றதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோயிலில் கூட்டம். அப்பா போய்விட்டார். அம்மா அன்று காலையில் ஓவர்டைம் மருந்தடித்துவிட்டு வந்து, வாசலில் உட்கார்ந்து உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் தடவினார். பிறகு எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பெட்டியை இறக்கினார். வெங்காயம் நறுக்கும் கத்தியால் ஒட்டியிருந்த பட்டையைக் கீறினார். ஒரே கீறல்.

"பாத்துக்கிட்டே இருந்தா ஆச்சா? வா. எப்படி மாட்றதுன்னு படிச்சிச் சொல்லு" என்றார் அம்மா.

உள்ளே இருந்த தாளில் எல்லாம் இங்கிலீஸ். எனக்குத் தெரிந்த இங்கிலீஸில் நான் படிக்க, அம்மா டிவிக்குப் பின்னால் கையைவிட்டு ஆண்டெனா வயரைக் கழற்றி, இந்த வயரைச் செருகினார். உரிந்த விரல்களால் திருகாணியைத் திருகும்போது ஸ்ஸ் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. சேனலைத் திருப்பிக்கொண்டே வந்தோம். புள்ளி புள்ளியாக இருந்த திரையில் திடீரென்று நிறம் வந்தது, பாட்டு வந்தது. நான் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். என் அம்மாவைப் போல ஓர் அம்மா லயத்தில் யாருக்கும் இல்லை என்று நினைத்தேன்.

அப்பா கூட்டத்திலிருந்து வந்தபோது நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார்.

"தொறந்தாச்சி" என்றார் அம்மா. "இனிமே திருப்பிக் குடுக்க முடியாது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் பார்வையை எடுக்கவில்லை. என் கார் எதிலோ மோதி வெடித்தது. அப்பா, "தேத்தண்ணி இருந்தா குடு" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அது உத்தரவு கிடைத்தது போலத்தான் இருந்தது. அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினேன்.

அதற்கடுத்த சில நாள்கள் என் வாழ்க்கையிலேயே நான் பெரிய மனுஷியாக இருந்த நாள்கள். பள்ளி விட்டதும் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வீட்டில்தான். பெட்டியோடு வந்த கேசட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக மேலே போட்டிருந்தது. ஆடிப் பார்த்தால் ஏழெட்டு ஆட்டங்கள்தான், மற்றவை அதே ஆட்டங்கள் வேறு பெயரில். எங்களுக்கு அதில் குறையே தெரியவில்லை. வேறு பெயரில் வரும்போது வேறு ஆட்டமாகவே ஆடினோம். ஒரு முறை பசார் மாலாம் இரவுச் சந்தையில் கார்ப் பந்தயக் கேசட் ஒன்றை அம்மா வாங்கிக் கொடுத்தார். பந்தயத்தில் தினாவை யாராலும் ஜெயிக்க முடியாது. வளைவு வந்தால் அவன் உடம்பே வளையும். தோற்றுப்போனால் நான் வயரைப் பிடுங்கிவிடுவேன். அவன் திரும்பச் செருகுவான்.

பெரியப்பா ஒரே ஒரு முறை வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் கூட்டத்துக்கு மேலே டிவியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"யாரு வாங்கிக் குடுத்தா?" என்று என்னைக் கேட்டார்.

"பெல்ட்டு அங்கிள் பெரியப்பா" என்றேன் பெருமையாக.

"அப்படியா கண்ணு" என்றார். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அவர் படிக்கு வரவில்லை. அப்பா கச்சான் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு அதைப் பிரிக்காமலே உள்ளே கொண்டுவந்து வைத்தார். மறுநாளும் அவர் வரவில்லை.

பிறகு பிள்ளைகள் குறைந்தார்கள். முதலில் கடைசி வீட்டுப் பிள்ளைகள் வரவில்லை. ஒரு வாரத்தில் பாதிப் பேர். வந்தவர்களையும் அவர்களின் அம்மாக்கள் தெருவில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாரும் உள்ளே வந்து கூப்பிடவில்லை. தினா கடைசிவரைக்கும் வந்தான். ஒரு நாள் பந்தயத்தின் நடுவே பெரியம்மாவின் குரல் கேட்டது.

"டேய், வெளிய வா."

"இந்த ஒன்னு முடிச்சிட்டும்மா."

"இப்ப வா."

தினா கைப்பிடியைக் கீழே வைத்தான். திரையில் அவன் கார் வேகம் குறைந்து குறைந்து நின்றது. "கண்ணு கெட்டுப்போயிடும்னு அம்மா சொல்லுது" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனான். அது எனக்குச் சரியான காரணமாகவே பட்டது. மற்றவர்களைப் பொறாமை பிடித்தவர்கள் என்று முடிவு கட்டியிருந்தேன். தினாவுக்கு மட்டும் கண்.

அந்த வாரமே ஒரு நாள் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, அம்மாவை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனார். திரும்பி வரும்போது எனக்கு மீ கோரேங் பொட்டலம் வாங்கி வந்தார்கள். அப்பா சட்டையைக் கழற்றாமலே படுத்துவிட்டார். நாங்கள் வேறு வீட்டுக்குப் போகிறோம், வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வரும், எனக்குத் தனி அறை என்று அம்மா சொன்னார்.

லயத்தில் யாராவது வீடு மாறினால் எல்லாரும் வந்து சாமான் ஏற்றுவார்கள். சட்டி பானையைப் பிள்ளைகள் தூக்குவோம். அது ஒரு திருவிழா மாதிரி நடக்கும். நாங்கள் போன அன்று லோரிக்காரரும் அப்பாவும் மட்டும் ஏற்றினார்கள். அலமாரியை இறக்க முடியாமல் அப்பா படியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. பெரியப்பா உள்ளே உட்கார்ந்திருந்தது தெரிந்தது. லோரிக்காரர் சீன ஆள். "யாரும் இல்லியா?" என்று தமிழிலேயே கேட்டார். அப்பா, "எல்லாம் வேலைக்குப் போயிட்டாங்க தவுக்கே" என்றார். அன்று பொது விடுமுறை.

நான் டிவி கேமை மடியில் வைத்துக்கொண்டு லோரியின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்ப் பைப்படியில் தினா நின்றான். கையசைத்தேன். அவன் கையைப் பாதி தூக்கி, தலை சொறிவது போல ஆக்கிக்கொண்டான்.

புது வீடு புக்கிட் ரோத்தானைத் தாண்டி ஒரு தாமானில், புதுக் குடியிருப்பில், இருந்தது. பெல்ட்டுக்காரர் சொன்னது எல்லாமே உண்மை. பைப்பைத் திருகினால் தண்ணீர். நடந்து போகும் தூரத்தில் கிளினிக். அம்மாவுக்கு ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை கிடைத்தது. மாதக்கணக்கில் களிம்பு தடவி, அம்மாவின் கையில் புதுத் தோல் வந்தது. சின்னப் பிள்ளையின் கை போல இளஞ்சிவப்பாக இருந்தது. ஒரு நாள் அம்மா கரண்டியை வைத்துவிட்டுக் கையால் ரசம் பிசைந்து சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே அழுதார். அப்பா தன் தட்டோடு எழுந்து வெளியே போனார். எனக்கு அம்மா நாகரிகத்தை விட்டுவிட்டாரே என்று சற்று வருத்தம்.

அப்பாவுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் ஜாகா வேலை. வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து காவல் காக்க வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. மெலிந்துபோனார். நான் டிவி கேம் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். எனக்கு இரண்டாவது ஆள் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் சின்னவர்கள்.

"அப்பா, ஒரு ஆட்டம் வாப்பா" என்று ஒரு முறை கைப்பிடியை நீட்டினேன்.

"எனக்கு அதெல்லாம் வராதும்மா" என்றார். பிறகு, எதற்கென்று தெரியாமல், என் தலையில் கையை வைத்துச் சற்று நேரம் நின்றார்.

நான் தனியாக ஆடினேன். தினாவிடம் தோற்பதைவிட, யாரும் இல்லாமல் ஜெயிப்பது சப்பென்று இருந்தது.

தோட்டத்தில் மற்றவர்கள் இன்னும் இருந்தார்கள். கோர்ட்டு, கேஸ் என்று பேச்சு அடிபட்டது. எங்களுக்குப் பிறகு நாலைந்து குடும்பங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதாக அம்மா சொன்னார். "நம்மளப் பாத்துத்தான் போனாங்கன்னு சொல்றாங்களாம்" என்று அம்மா சொன்னபோது, அப்பா, "வேறென்ன சொல்வாங்க" என்றார்.

ஒரு நாள் காலை சந்தைக்குப் போன அம்மா கூடையில் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தார். பெரியப்பா முதல் நாள் சாயங்காலம், பைப்படியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது விழுந்துவிட்டார் என்று சொன்னார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "யாரு சொன்னா?" என்றார்.

"கறிக்கடையில பேசிக்கிட்டாங்க."

"நமக்கு ஆள் அனுப்பலயா?"

அம்மா வெறும் கூடையைக் கீழே வைத்தார். அப்பா முகம் கழுவிக்கொண்டு வந்தார். தோளில் வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டார். நானும் வருகிறேன் என்றேன். எனக்குப் பெரியப்பாவை நினைத்து அழுகை வந்தது. தினாவைப் பார்க்கலாம் என்று ஆசையாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. கார்ப் பந்தயக் கேசட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூவரும் ஒரே மோட்டாரில் போனோம். தோட்டத்து முனையில் திரும்பியபோது எனக்கு இடமே தெரியவில்லை. காலியான வீடுகளை இடித்துவிட்டிருந்தார்கள். எங்கள் வீடு இருந்த இடத்தில் சிமெண்டுத் தரையும் அந்தப் படியும் மட்டும் கிடந்தன. படியில் யாரோ வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா மோட்டாரை அதன் பக்கத்தில் நிறுத்தவில்லை. தள்ளிக்கொண்டுபோய் மரத்தடியில் நிறுத்தினார்.

எதிர் வீட்டு வாசலில் பெரியப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வெயில். இரண்டு பெண்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். அம்மா தயங்கித் தயங்கிப் போனார். அழுதுகொண்டிருந்த பெண்களின் கூட்டம் சற்று அமைதியானது. யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. பெரியம்மாதான் தலையைத் தூக்கிப் பார்த்து, கையை நீட்டினார். அம்மா விழுந்து கட்டிக்கொண்டார். இருவரும் ஆடி ஆடி அழுதார்கள். அழுகைக்கு நடுவே பெரியம்மா அம்மாவின் கையை விரித்துப் பார்த்தார். புறங்கையைத் திருப்பினார், மறுபடி உள்ளங்கையைத் திருப்பினார்.

"ஒனக்குக் கை ஆறிடிச்சிடி" என்றார்.

அம்மா அதற்குப் பிறகு அழுத அழுகை வேறு மாதிரி இருந்தது.

தினா வீட்டுப் பின்புறம் குந்தியிருந்தான். இன்னும் மொட்டையடிக்கவில்லை. அதற்காகக் காத்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். உயரமாகிவிட்டான். என்ன சொல்வதென்று தெரியாமல் பக்கத்தில் போய்க் குந்தினேன். பையிலிருந்து கேசட்டை எடுத்து நீட்டினேன்.

"ஒனக்குத்தான். நீயே வெச்சிக்க" என்றேன். "எங்க வீட்டுக்கு வரும்போது கொண்டா. ஆடலாம்."

அவன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான். அதன் வாயில் ஒரு முறை ஊதினான். தூசி போக நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். பிறகு என் மடியில் வைத்தான்.

"எங்களுக்குக் கரண்ட வெட்டிட்டாங்க. ஒனக்குத் தெரியாதா?" என்றான். "டிவியவும் வித்தாச்சி."

"திரும்ப எப்ப வரும்?"

"என்னா?"

"கரண்டு."

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. என்னைவிட ரொம்பப் பெரியவர்கள் என்னைப் பார்ப்பது போலப் பார்த்தான். அதற்குள் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டான்.

பாடை கட்டி முடித்திருந்தார்கள். தோட்டத்தில் எந்தச் சாவு நடந்தாலும் மூங்கில் வெட்டுவதும், கட்டுவதும், முன்பக்கம் வலது தோள் கொடுப்பதும் என் அப்பாதான். அதனால் சாவு வீடு என்றால் எனக்குப் பிடிக்காது. அப்பா அந்த வேலையில் இறங்கிவிடுவார், என்னை யார் வீட்டுப் பெண்களிடமாவது விட்டுவிடுவார். அவர்கள் அழுவதைப் பார்த்தால் எனக்குப் பயம். அன்றும் அப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன்.

தூக்கும் நேரம் வந்தது. ஆண்கள் குனிந்தார்கள். அப்பா துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, பேசாமல் முன்பக்கம் போய் மூங்கிலில் கை வைத்தார். கலும்பாங்கிலிருந்து வந்திருந்த பெரியப்பாவின் தம்பி அங்கே நின்றிருந்தார். அவர் அப்பாவின் கையைப் பார்த்தார். சத்தமே போடவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"ஆளு இருக்குங்க."

அப்பாவின் கை சற்று நேரம் மூங்கிலிலேயே இருந்தது. "அண்ணனுக்கு நான்..." என்று ஆரம்பித்தார்.

"ஆளு இருக்கு. நீங்க தள்ளி நில்லுங்க."

எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கையை எடுத்தார். இரண்டடி பின்னால் வந்தார், பிறகு திரும்பி, சுற்றும் முற்றும் பார்த்து, என்னைக் கண்டுபிடித்து என்னிடம் வந்தார். சங்கு ஊதினார்கள். பெரியப்பா ஆள்களின் தோளில் ஏறி, இடிந்த லயங்களின் வழியே போனார். தினா கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தான்.

அப்பா என் பக்கத்திலேயே நின்றார். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஈரமாக இருந்தது, இறுக்கமாக இருந்தது, என் விரல்கள் வலித்தன. நான் வலிக்கிறது என்று சொல்லவில்லை. சொன்னால் விட்டுவிடுவாரோ என்று பயம். ஒரு சாவு வீட்டில் என் அப்பா மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு என்னோடு நின்றது அதுதான் முதல் தடவை. நான் அவர் மேல் சாய்ந்துகொண்டேன். அழ வேண்டிய இடத்தில் இப்படிச் சந்தோஷமாக இருக்கிறதே, சாமி கண்ணைக் குத்துமோ என்று மட்டும் கவலையாக இருந்தது.